தொலைவிலிருந்து இயங்கும் கருவிகள்: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டிய ஷரத்துகள்

கடைக்கு ஒரு பூட்டு வாங்கினால் சாவி நம்மிடம் இருக்கும். விற்றவர் ஒரு சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வேன் என்றால் அந்தப் பூட்டை யாரும் வாங்கமாட்டோம். ஆனால் இன்று நாம் வாங்கும் பல இயந்திரங்களில் விற்றவரிடமும் ஒரு சாவி இருக்கிறது. குளிர் அறை, பால் குளிர்விக்கும் தொட்டி, அரிசி ஆலையின் மோட்டார், ஜெனரேட்டர், குடிநீர் சுத்திகரிப்பு நிலையம், கூரையில் உள்ள சூரிய மின்சார இன்வர்ட்டர் ஆகிய பலவற்றுடனும் ஒரு சிறு பெட்டியும் அதற்குள் ஒரு சிம் அட்டையும் சேர்ந்தே வருகின்றன. பெங்களூரிலோ புனாவிலோ உட்கார்ந்திருப்பவர் திருத்தணியில் உள்ள நம் இயந்திரத்தைப் பார்க்கலாம். சிலவற்றில் நிறுத்தவும் ஓட்டவும் செய்யலாம்.

இது நல்ல வசதிதான். இரவு இரண்டு மணிக்குக் குளிர் அறையில் வெப்பம் ஏறினால் கைபேசியில் மணி அடிக்கிறது. ஆள் வைத்துக் காவல் காக்கும் செலவு குறைகிறது. ஆனால் இந்த வசதிக்காக நாம் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் படிப்பவர்கள் குறைவு. பத்துப் பதினைந்து பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், அத்துடன் முடிந்தது. நஷ்டம் வந்த பிறகே அந்தக் காகிதம் வெளியே வருகிறது. ஆகவே இந்தப் பாடத்தில் அத்தகைய ஒப்பந்தங்களில் என்னென்ன ஷரத்துகள் இருக்கும், அவற்றில் எதை மாற்றிக் கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் பெட்ரோல், டீசல் விலை தினந்தோறும் மாறும் முறை வந்தது. தானியங்கி வசதி உள்ள பங்க்குகளில் விலையை எண்ணெய் நிறுவனத்தின் மையக் கணினியே மாற்றுகிறது. சர்க்கரை ஆலை, தோல் பதனிடும் தொழில் உள்ளிட்ட 17 வகைத் தொழில்கள் தம் கழிவுநீர், புகை அளவுகளை இடைவிடாது இணையம் வழியே அனுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவிட்டது. பெரிய ஆலைகளுக்கு முதலில் வந்தது இப்போது மொத்த வியாபாரியின் கிடங்குக்கும் சில்லறைக் கடைக்கும் வந்துவிட்டது.

1. ஐந்து கண்ணிகள், ஐந்து பொறுப்பாளிகள்

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். வெப்பத்தையோ அழுத்தத்தையோ அளப்பது சென்சார். அதன் அளவைப் படித்து மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் கட்டுப்பாட்டுப் பெட்டி. தகவலை வெளியே அனுப்புவது மோடமும் சிம் அட்டையும். தகவல் போய்ச் சேருமிடம் எங்கோ உள்ள சர்வர். அங்கிருந்து நமக்குக் காட்டுவது கைபேசிச் செயலி.

இந்த ஐந்தும் ஒரே நிறுவனத்துடையவை அல்ல. பெட்டியைச் செய்தவர் ஒருவர், சிம் கொடுத்தவர் ஒருவர், சர்வரை வாடகைக்கு விட்டவர் வேறொருவர். நம்மிடம் விற்றவர் இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருபவர் மட்டுமே. பழுது வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஆகவே ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தே இப்படி இருக்க வேண்டும்:

"சென்சார் முதல் கைபேசிச் செயலி வரை முழு ஏற்பாட்டுக்கும் விற்பனையாளரே வாங்குபவரிடம் பொறுப்பாளி. இடையில் வேறு நிறுவனங்களின் சேவையைப் பயன்படுத்துவது அவருடைய பொறுப்பைக் குறைக்காது."

இந்த ஒரு வாக்கியம் இருந்தால் பாதித் தகராறு வராது.

சிம் அட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழ்நாட்டில் முடங்கியதை நாம் எளிதில் மறக்க முடியாது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற மக்கள் வரிசையில் நின்றார்கள். கைபேசியை நாம் மாற்றிக்கொண்டோம். இயந்திரத்துக்குள் இருக்கும் சிம்மை யார் மாற்றுவது? அதற்கு யார் செலவு? மோடம் பழைய தலைமுறை அலைவரிசையில் மட்டும் வேலை செய்வதாக இருந்து அந்தச் சேவையே நின்றுவிட்டால் புதிய மோடம் யார் தருவது? சிம் யார் பெயரில் உள்ளது, சேவை நின்றால் எத்தனை நாளில் மாற்று ஏற்பாடு, அதற்குக் கட்டணம் உண்டா இல்லையா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நம்மூர் ஆந்திர எல்லையை ஒட்டியது. பள்ளிப்பட்டு, நகரி பக்கம் உள்ள கிடங்கு என்றால் அந்த இடத்தில் எந்த நிறுவனத்தின் அலை நன்றாகக் கிடைக்கிறது என்று ஒரு வாரம் சோதித்த பிறகே பணம் தருவது என்றும் எழுதிக்கொள்ளலாம்.

2. பார்ப்பது வேறு, இயக்குவது வேறு

தொலைவிலிருந்து அளவுகளைப் பார்ப்பது ஓர் உரிமை. தொலைவிலிருந்து இயக்குவது, நிறுத்துவது, அளவுகளை மாற்றி வைப்பது இன்னோர் உரிமை. பல ஒப்பந்தங்கள் இரண்டையும் "சேவைக்குத் தேவையான அணுகல்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43இன்படி உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அவருடைய கணினி அமைப்பில் நுழைந்து சேதம் செய்பவர் நஷ்ட ஈடு தர வேண்டும். இங்கே முக்கியமான சொல் "அனுமதி இல்லாமல்" என்பது. ஒப்பந்தத்தில் நாமே வரம்பில்லாத அனுமதியைக் கொடுத்திருந்தால் பிறகு அனுமதியின்றி நுழைந்தார்கள் என்று சொல்ல வழி இல்லை. ஆகவே அனுமதியை அளந்து கொடுக்க வேண்டும்:

"விற்பனையாளர் எந்நேரமும் அளவுகளைப் பார்க்கலாம். இயக்குதல், நிறுத்துதல், அளவுகளை மாற்றுதல், மென்பொருளைப் புதுப்பித்தல் ஆகியவற்றை வாங்குபவரின் முன் அனுமதி பெற்றே செய்ய வேண்டும். அவ்வாறு செய்த ஒவ்வொன்றும் தேதி, நேரம், செய்தவர் விவரத்துடன் பதிவாக வேண்டும்."

மென்பொருள் புதுப்பித்தலைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நம் கிடங்கில் புதுப்பித்தல் வேலை ஆடிக் கிருத்திகை வாரத்திலோ, ஆண்டு இறுதிப் படித்திருவிழா நாளிலோ நடக்கக் கூடாது என்று தேதி போட்டே எழுதலாம். வெளியூரில் உள்ளவர்களுக்கு நம்மூர் நாள்கணக்கு தெரியாது. எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் கட்டாயம் கேட்க வேண்டும். இணையம் அறுந்தாலும் இயந்திரம் தன்பாட்டில் ஓட வேண்டும்; கையால் இயக்கும் சுவிட்ச் நம் கிடங்கிலேயே இருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் திருவள்ளூர் மாவட்டம் உட்பட வட மாவட்டங்களில் மின்சாரமும் கைபேசியும் நின்றுபோயின. அப்படிப்பட்ட நாளில் சர்வரைக் கேட்காமல் மோட்டார் ஓடாது என்றால் ஜெனரேட்டர் இருந்தும் பயன் இல்லை.

3. "99 சதவீதம்" என்ற சொல்லின் கணக்கு

"எங்கள் சேவை 99 சதவீத நேரம் தடையின்றி இயங்கும்" என்று ஒப்பந்தத்தில் பெருமையாக எழுதியிருக்கும். வியாபாரி கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 1 சதவீதம் 87 மணி 36 நிமிடம். அதாவது மூன்றரை நாளுக்கும் மேல் சேவை நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. ஆடிக் கிருத்திகையும் தெப்பத் திருவிழாவும் நடக்கும் நாட்கள் முழுவதும் நின்று, மற்ற நாளெல்லாம் ஓடினாலும் ஆண்டுக் கணக்கில் 99 சதவீதம் சரியாகவே வரும்!

இதையே மாதக் கணக்காக எழுதினால் 30 நாளுக்கு 720 மணி நேரம். 1 சதவீதம் 7 மணி 12 நிமிடம். ஒரே எண்தான், ஆனால் அளக்கும் காலத்தை மாற்றினால் பொருள் மாறிவிடுகிறது. ஆகவே சதவீதத்தை மட்டும் பார்க்காமல் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்தக் காலத்துக்கு அளக்கிறார்கள்? பராமரிப்புக்காக நிறுத்தும் நேரத்தைக் கழித்துவிட்டு அளக்கிறார்களா? ஒரே மூச்சில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் நிற்கலாம்? குளிர் அறைக்காரருக்கு மூன்றாவது கேள்வியே உயிர்நாடி. மாதம் ஏழு தடவை ஒவ்வொரு மணி நேரம் நின்றால் பால் கெடாது. ஒரே தடவை ஏழு மணி நேரம் நின்றால் கெட்டுவிடும்.

எச்சரிக்கைக்கும் இதே கணக்கு. "எச்சரிக்கை அனுப்பப்படும்" என்றால் போதாது. எத்தனை நிமிடத்துக்குள், எத்தனை பேருக்கு, குறுஞ்செய்தியாகவா அழைப்பாகவா, யாரும் எடுக்கவில்லை என்றால் அடுத்து யாருக்கு என்று வரிசையாக எழுத வேண்டும். நள்ளிரவில் வந்த குறுஞ்செய்தியைக் காலையில் பார்ப்பதால் சரக்கு மீளாது.

4. நஷ்டம் யார் தலையில்?

இதுவே இந்தப் பாடத்தின் மையம். ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு மொத்த வியாபாரியின் குளிர் அறையில் 6 லட்ச ரூபாய் சரக்கு. தொலைக் கண்காணிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபாய். ஒப்பந்தத்தில் ஒரு வரி: "எங்கள் மொத்தப் பொறுப்பு கடைசி மூன்று மாதக் கட்டணத்துக்கு மேற்படாது." ஓர் இரவு எச்சரிக்கை வரவில்லை, 2,40,000 ரூபாய் சரக்கு கெட்டது. மாதக் கட்டணம் 1,500. மூன்று மாதத்துக்கு 4,500. கையில் வருவது 4,500 ரூபாய்.

இப்படிப்பட்ட வரி செல்லுமா? செல்லும் என்றே எண்ணி நடக்க வேண்டும். பாரதி நிட்டிங் கம்பெனி, டிஎச்எல் கூரியர் நிறுவனம் இவர்களிடையே நடந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளிநாட்டுக்கு ஆடை அனுப்பியதற்கான ஆவணங்கள் கூரியரில் போய்ச் சேரவில்லை. அனுப்பியவருக்குப் பெரிய நஷ்டம். கூரியர் ரசீதில் பொறுப்பு 100 டாலருக்கு மேல் இல்லை என்று அச்சிட்டிருந்தது. கையெழுத்திட்டவர் அந்த ஷரத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று கூறி, உச்ச நீதிமன்றம் 100 டாலர் வரம்பையே உறுதி செய்தது. படிக்கவில்லை என்பது அங்கே காப்பாற்றவில்லை.

வரம்பு ஷரத்தே இல்லாவிட்டாலும் முழு நஷ்டமும் கிடைத்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73இன்படி ஒப்பந்த மீறலால் இயல்பாக வரும் நஷ்டமும், ஒப்பந்தம் செய்யும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டமும்தான் கிடைக்கும். தூரத்து, மறைமுக நஷ்டம் கிடைக்காது. இந்தத் தத்துவத்துக்கு மூலமாகச் சொல்லப்படுவது 1854இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் வழக்கு. குளூஸ்டர் நகரில் ஒரு மாவு ஆலை. அதன் சுழல் தண்டு முறிந்துவிட்டது. புதியது செய்ய மாதிரிக்காக அதை வண்டிக்காரர்களிடம் கொடுத்து அனுப்பினார்கள். வண்டிக்காரர்கள் தாமதம் செய்ததால் ஆலை மேலும் சில நாள் மூடிக்கிடந்தது. அந்த நாட்களின் லாபத்தை ஆலைக்காரர் கேட்டார். மாற்றுத் தண்டு இல்லாமல் ஆலை நின்றுபோகும் என்ற விசேஷ நிலைமை ஒப்பந்தத்தின்போது வண்டிக்காரருக்குத் தெரிந்ததாக இல்லை. ஆகவே அந்த லாப நஷ்டத்துக்கு அவர் பொறுப்பல்ல என்று நீதிமன்றம் கருதியது.

அரிசி ஆலைக்காரரும் குளிர் அறைக்காரரும் இதிலிருந்து படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நம் கிடங்கில் என்ன சரக்கு, என்ன மதிப்பு, எத்தனை மணி நேரத்தில் கெடும், எந்த நாட்களில் இரட்டிப்புச் சரக்கு இருக்கும் என்பதை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று விற்பனையாளர் சொல்ல இடம் இருக்காது.

பிறர் சரக்கை வைத்துக் காப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி பிறர் பொருளைப் பெற்று வைத்திருப்பவர், விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பாதுகாப்பது போல அதைப் பாதுகாக்க வேண்டும். பூ வியாபாரியோ பழ வியாபாரியோ நம்மிடம் சரக்கை வைத்துவிட்டுப் போனால் அவர் கேட்பது நம்மைத்தான், புனாவில் உள்ள கம்பெனியை அல்ல. அவருக்கு நாம் 2,40,000 ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். நமக்குக் கம்பெனி 4,500 ரூபாய்க்குப் பதில் சொல்லும். இந்த இடைவெளிதான் வியாபாரத்தை விழுங்கும் பள்ளம்.

பள்ளத்தை மூடும் வழி என்ன? விற்பனையாளர் வரம்பில்லாப் பொறுப்பை ஏற்க மாட்டார். 18,000 ரூபாய் வாங்குபவர் 6 லட்சத்துக்கு உத்தரவாதம் தரவேண்டும் என்பது அவர் நோக்கில் நியாயமும் அல்ல. ஆகவே நடுவழி தேட வேண்டும். பொறுப்பு வரம்பை மூன்று மாதக் கட்டணம் என்பதிலிருந்து ஓர் ஆண்டுக் கட்டணத்தின் சில மடங்காக உயர்த்திக் கேட்கலாம். வேண்டுமென்றே செய்த செயல், பெரும் அலட்சியம், அனுமதியின்றி நிறுத்தியது ஆகிய மூன்றுக்கும் வரம்பு பொருந்தாது என்று எழுதலாம். எச்சரிக்கை வராத ஒவ்வொரு தடவைக்கும் இன்ன தொகை என்று முன்பே நிர்ணயிக்கலாம். 74ஆம் பிரிவின்படி அந்தத் தொகையை உச்ச வரம்பாகக் கொண்டு நியாயமான ஈடு கிடைக்கும். மீதியைக் காப்பீட்டில் மூட வேண்டும். இயந்திரப் பழுதுக் காப்பீட்டுடன் சேர்த்துக் குளிர்பதனச் சரக்கு கெடுவதற்கும் பாலிசி உண்டு. பிறர் சரக்கும் அதில் அடங்குமா, வெப்பப் பதிவேடு காட்ட வேண்டுமா என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நம்மிடம் சரக்கு வைப்பவர்களுக்குத் தரும் ரசீதிலும் நம் பொறுப்பு எவ்வளவு என்பதைத் தெளிவாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

5. தொலைவிலிருந்து பூட்டும் உரிமை

"கட்டணம் பாக்கி இருந்தாலோ, நிறுவனம் அவசியம் என்று கருதினாலோ சேவையை உடனே நிறுத்தலாம்." இந்த வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும்.

2025 ஜூலையில் குஜராத் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். அதில் ரஷ்ய நிறுவனமான ராஸ்நெஃப்டுக்கு 49.13 சதவீதப் பங்கு உண்டு. ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. சில நாளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டிய உரிமம் இருந்தும் முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அந்த மாத இறுதிக்குள் சேவை திரும்பக் கிடைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், வழக்கறிஞர் படை இல்லாத நம் போன்றவர்கள் முன்னறிவிப்பு ஷரத்தை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்!

போலந்து நாட்டில் வேறொரு விதம். நியூவாக் நிறுவனம் செய்த ரயில் வண்டிகள் வேறு பட்டறைகளில் பழுது பார்த்த பிறகு ஓட மறுத்தன. மென்பொருளுக்குள் பூட்டு வைக்கப்பட்டிருந்தது என்று ஆராய்ந்த வல்லுநர்கள் 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். நிறுவனம் அதை மறுத்தது. வழக்கின் முடிவு எப்படியும் ஆகட்டும். நம் இயந்திரத்தை நம்மூர் மெக்கானிக் தொட்டால் ஓடாது என்ற நிலை வரலாமா என்பதே நமக்குக் கேள்வி. மாதிரி ஷரத்து:

"கட்டணப் பாக்கிக்காகச் சேவையை நிறுத்துவதானால் 15 நாள் எழுத்து மூல அறிவிப்புத் தர வேண்டும். கணக்கில் தகராறு நிலுவையில் இருக்கும்போது நிறுத்தக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இயந்திரத்தின் அடிப்படை இயக்கத்தைத் தொலைவிலிருந்து முடக்கக் கூடாது. தகவல் சேவையை மட்டுமே நிறுத்தலாம். வேறு தகுதியான பழுதுபார்ப்பவரை வாங்குபவர் அழைப்பதால் இயக்கம் தடைபடும் வகையில் எந்தப் பூட்டும் மென்பொருளில் இல்லை என்று விற்பனையாளர் உறுதி கூறுகிறார்."

6. பதிவேடு யாருடையது?

நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகும் வெப்ப அளவுகள் நம் வியாபாரத்தின் நாட்குறிப்பு. காப்பீட்டுக்கும், உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும், நீதிமன்றத்துக்கும் அதுவே சாட்சி. ஆனால் அது இருப்பது எதிராளியின் சர்வரில்!

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023, பிரிவு 63இன்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க ஒரு சான்றிதழ் தேவை. அதில் இரண்டு பகுதிகள்: ஒன்று பதிவைத் தருபவர் தருவது, மற்றொன்று நிபுணர் தருவது. சர்வர் கம்பெனியிடம் இருந்தால் அந்தச் சான்றிதழுக்கு நாம் கம்பெனியையே நாட வேண்டும். அவர்கள்மீதே வழக்கு என்றால் தருவார்களா? ஆகவே பதிவேடு வாங்குபவரின் சொத்து, ஒவ்வொரு மாதமும் அதன் நகல் வாங்குபவருக்கு அனுப்பப்படும், கேட்ட 7 நாளுக்குள் சான்றிதழுக்கு வேண்டிய ஒத்துழைப்புத் தரப்படும் என்று எழுத வேண்டும். நாமும் அந்த மாத நகலைத் தனியே சேமித்து வைக்க வேண்டும்.

நம் சரக்கு வரத்து விவரம் வேறு யாருக்கும் போகக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். எந்த வாரம் கிடங்கு நிரம்பியது, எந்த வாரம் காலி என்பது போட்டி வியாபாரிக்குத் தெரிந்தால் விலை பேசும்போது நம் கை தாழும்.

7. கடவுச்சொல்லும் காவலும்

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி வலையில் தீய மென்பொருள் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனி வலையில் இருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது. தனியே பிரித்து வைத்ததன் பலன் அது. நம் கடையில் பில் போடும் கணினியும், வாடிக்கையாளருக்குத் தரும் வைஃபையும், இயந்திரப் பெட்டியும் ஒரே இணைப்பில் இருக்கக் கூடாது. பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். வேலையை விட்டுப் போன ஊழியரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும்.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, கணினி ஊடுருவல் நிகழ்ந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இயக்கப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீதான தாக்குதலும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே, "ஊடுருவல் தெரிந்தவுடன், எப்படியும் 6 மணி நேரத்துக்குள் வாங்குபவருக்கும் தெரிவிக்க வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் கேட்பது அளவுக்கு மீறியது அல்ல.

8. எந்த ஊர் நீதிமன்றம்?

"தகராறுகள் இன்ன ஊர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை" என்று ரசீதிலேயே அச்சிட்டிருப்பார்கள். இதில் நம் மாநில வியாபாரி சம்பந்தப்பட்ட புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. குஜராத்தைச் சேர்ந்த ஏபிசி லாமினார்ட் நிறுவனத்துக்கும் சேலம் ஏ.பி. ஏஜென்ஸீஸுக்கும் உலோக நூல் வியாபாரத்தில் தகராறு. ஒப்பந்தத்தில் கைரா நீதிமன்ற எல்லை என்று இருந்தது. சேலத்துக்காரர் சேலத்தில் வழக்குப் போட்டார். "மட்டும்" என்பது போன்ற விலக்கும் சொல் அந்த ஷரத்தில் இல்லாததால் சேலம் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் அதை நம்பி இன்று அசட்டையாக இருக்க முடியாது. 2013இல் சுவஸ்திக் கேஸஸ் வழக்கில், "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட ஊரை எழுதியிருப்பதே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணத்தைக் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் கொல்கத்தா நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்றது. எனவே ஊர்ப்பெயரைக் கையெழுத்துக்கு முன்பே மாற்றிக் கேட்க வேண்டும். இயந்திரம் நிறுவப்பட்ட இடம் திருத்தணி, பழுது நடப்பதும் திருத்தணி. ஆகவே திருவள்ளூர் மாவட்ட நீதிமன்றங்கள் என்று எழுதக் கேட்பது நியாயம். அவர்கள் ஒப்பாவிட்டால் சென்னை என்றாவது முடிக்கலாம். 4,500 ரூபாய்த் தகராறுக்கு யாரும் புனா போய் வழக்காட மாட்டோம். அது அவர்களுக்கும் தெரியும்.

மத்தியஸ்த ஷரத்து இருந்தால் நடுவரை யார் நியமிப்பது என்று பார்க்க வேண்டும். "எங்கள் நிர்வாக இயக்குநர் நியமிப்பவரே நடுவர்" என்பதை 2019இலும் 2024இலும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இருவரும் சேர்ந்து நியமிப்பது என்றும், அமர்வு இடம் சென்னை என்றும் எழுதலாம். "இன்ன மாதத்துக்குள் கேட்காவிட்டால் உரிமையே போய்விடும்" என்று சட்டக் காலவரையறையைக் குறுக்கும் ஷரத்து ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவின்படி செல்லாது. ஆயினும் பழுது தெரிந்த அன்றே எழுத்தில் புகார் அனுப்புவது நம் கடமை.

செயலியில் "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துவதும் ஒப்பந்தமே. மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் அந்தக் காரணத்தால் மட்டும் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. கடைப் பையன் அவசரத்தில் அழுத்திவிட்டால் புதிய நிபந்தனைகள் நம்மைக் கட்டலாம். "கையெழுத்திட்ட இந்த ஒப்பந்தமே மேலானது, செயலியில் வரும் நிபந்தனைகள் இதை மாற்றாது" என்று ஒரு வரி சேர்ப்பது மிக அவசியம்.

9. பிரியும்போது

ஒப்பந்தம் முடியும்போது, அல்லது கம்பெனியே மூடிவிட்டால், இயந்திரம் என்ன ஆகும்? 2016 மே மாதம் அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் சர்வரை அதன் உரிமையாளரான நெஸ்ட் நிறுவனம் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய கருவிகள் வெறும் பெட்டிகளாயின. நமக்கு அந்த நிலை வராதிருக்க, சேவையை நிறுத்துவதானால் 6 மாதம் முன்னறிவிப்பு, கடவுச்சொற்களையும் அமைப்பு விவரங்களையும் நம்மிடம் ஒப்படைப்பது, பழைய பதிவேடு முழுவதையும் திறந்து படிக்கக்கூடிய வடிவில் தருவது, கையால் இயக்கும் வசதி எப்போதும் தொடர்வது ஆகிய நான்கையும் கேட்க வேண்டும்.

சுருக்கப் பட்டியல்

கையெழுத்துக்கு முன் இந்தப் பத்தையும் சரிபார்த்துக்கொள்க:

1. முழு ஏற்பாட்டுக்கும் ஒரே பொறுப்பாளி உண்டா?
2. சிம் யார் பெயரில்? சேவை நின்றால் யார் மாற்றுவது?
3. பார்க்கும் உரிமையும் இயக்கும் உரிமையும் தனித்தனியே உள்ளனவா?
4. இணையம் இல்லாமல் இயந்திரம் ஓடுமா? கைச் சுவிட்ச் உண்டா?
5. தடையில்லாச் சேவை மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா? ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் நிற்கலாம்?
6. சரக்கின் மதிப்பும் தன்மையும் இணைப்பில் எழுதப்பட்டுள்ளனவா?
7. பொறுப்பு வரம்பு எவ்வளவு? மீதிக்குக் காப்பீடு உண்டா?
8. முன்னறிவிப்பின்றி நிறுத்தும் உரிமை நீக்கப்பட்டதா?
9. பதிவேட்டின் நகல் மாதந்தோறும் நமக்கு வருமா?
10. எந்த ஊர் நீதிமன்றம்? நடுவரை யார் நியமிப்பது?

இவ்வளவையும் ஒரு சிறு கடைக்காரர் தனியே கேட்டால், "இது எங்கள் அச்சிட்ட படிவம், மாற்ற முடியாது" என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே கம்பெனியிடம் வாங்குவதாகச் சொல்லிக் கேட்டால் பேச்சே வேறு. கொள்முதலில் ஒன்றுசேர்ந்தால் விலை குறைவது போல, ஒப்பந்தத்திலும் ஒன்றுசேர்ந்தால் ஷரத்து இளகும். ஒரே வகைக் கருவி வாங்க இருக்கும் உறுப்பினர்கள் தங்கள் ஒப்பந்தப் படிவங்களைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொதுவான ஓர் இணைப்பு ஷரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி ஒரே தடவையில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அவருக்குத் தரும் கட்டணத்தைப் பத்துப் பேரும் பங்கிட்டால், ஒரு நாள் கெட்டுப்போகும் பாலின் விலைகூட ஆகாது.